ஜெபத்தோடு ஒரு துடைப்பத்தையும் எடுத்து வாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வாசித்துவிடுவீர்கள். இந்தப் பக்கத்தில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பேச்சு சபையைப் பற்றி ஆரம்பித்தாலும் உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சபையில் நாற்பது குடும்பம் இருந்தால், அந்த நாற்பது வீட்டில் எந்த வீட்டிலும் நோயாளி சமைத்துச் சாப்பிடும் நிலை வரக்கூடாது. எந்த வயதானவரும் பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறக்கூடாது. எந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. இதைச் செய்யப் பணம் வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை போதும். இதைச் செய்யாத சபை எவ்வளவு அழகாகப் பாடினாலும் என்ன பிரயோஜனம் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது எல்லாச் சபைக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. "அம்மாவுக்கு ஆபரேஷன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் போடுகிறார். ஐந்து நிமிடத்தில் அறுபது கும்பிடு கை வந்துவிடுகிறது. நல்லது. ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஜெபிக்காமல் நானும் படுப்பதில்லை. ஆனால் அந்த அறுபது பேரில், அந்த வீட்டுக்குப் போய் மூன்று நாளாகக் கிடக்கும் பாத்திரத்தைத் தேய்த்தவர் எத்தனை பேர்? ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருக்கும் மகளின் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பியவர் யார்? கையைக் கூப்பும் படத்தை அனுப்புவது சுலபம். அதே கையில் விளக்குமாறு பிடிப்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. அதற்குச் சாட்சி நம் பகுதியிலேயே இருக்கிறது.

நெய்வேலி நிறுவனம் 1956இல் தொடங்கியது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதற்கப்புறம் திருநெல்வேலி, கன்னியாகுமரி, கேரளா, ஆந்திரா என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பங்கள் வந்து நகரியத்து வட்டங்களில் குவார்ட்டர்ஸில் குடியேறின. வந்தவர்களுக்கு இங்கே மாமன் கிடையாது, மச்சான் கிடையாது. பிரசவம் என்றால் ஊருக்குப் போக ஒரு ராத்திரி ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். அப்போது சொந்தமாக நின்றது அடுத்த வீடும், ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவர்களும்தான். என் தலைமுறைப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். "எனக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியச் சாப்பாடு போட்டது சபையிலிருந்த ஒரு அக்காதான், குழந்தையைக் குளிப்பாட்டியது நாகர்கோவில் பெரியம்மாதான்" என்று சொல்வார்கள். அந்தப் பெரியம்மாவுக்கும் இவருக்கும் ரத்த உறவு கிடையாது. இன்றைக்கும் பேரன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அந்த வீட்டுக்குத்தான் போகிறது. டைப் மாறி வேறு வட்டத்துக்கு வீடு மாற்றினால் லாரி பிடிக்க மாட்டார்கள். வாலிபர் சங்கத்துப் பையன்கள் மாட்டு வண்டியோடு வந்து நிற்பார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் அடுப்பு வரை மாற்றி வைத்துவிடுவார்கள்.

சேத்தியாத்தோப்பு பக்கத்துக் கிராமங்களில் வழி வேறு, பழக்கம் ஒன்றுதான். நடவுக்கும் அறுப்புக்கும் மாத்தாள் போவார்கள். இன்று என் வயலுக்கு நீ, நாளை உன் வயலுக்கு நான். கீற்றுக் கூரையை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றித்தான் ஆக வேண்டும். அது ஒரு குடும்பம் தனியாகச் செய்கிற வேலை இல்லை. பழைய கீற்றைப் பிரித்துப் போட நாலு பேர், கீழிருந்து எடுத்துக் கொடுக்க நாலு பேர், மேலே உட்கார்ந்து கட்ட இரண்டு பேர். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமே என்று தெருவே வந்துவிடும். வீட்டுக்காரர் செலவு சோறும் குழம்பும்தான்.

பிறகு நமக்கு வசதி வந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒழுகும் கூரையில் நாங்கள் பாத்திரம் வைத்துத் தூங்கிய காலத்தை யாரும் திரும்பக் கேட்க வேண்டாம். ஆனால் கணக்கு டீச்சர் என்ற முறையில் வரவையும் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கூரை கான்கிரீட் ஆனது, கீற்று மாற்ற ஆள் தேவைப்படவில்லை. கல்யாணம் மண்டபத்துக்குப் போனது, காய்கறி நறுக்க அத்தைமார் தேவைப்படவில்லை. நடவுக்கு மிஷின் வந்தது, அறுப்புக்கும் மிஷின் வந்தது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வேலையாகப் போக வேண்டிய காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. போகாமல் இருந்து இருந்து, போவதே கூச்சமாகிவிட்டது.

ஆனால் மூன்று விஷயத்துக்கு மிஷின் வரவில்லை. பிரசவம், வியாதி, முதுமை. இந்த மூன்றிலும் மனிதருக்கு மனிதர்தான் வேண்டும்.

அதிலும் முதுமை நம் பகுதியில் பெரிய விஷயமாகிவிட்டது. நெய்வேலியில் ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து வாசலில் இருந்தவர்கள் ஒருவர் இந்திரா நகர், ஒருவர் வடலூர், ஒருவர் விருத்தாசலம், ஒருவர் சேத்தியாத்தோப்பு என்று சிதறிவிடுகிறார்கள். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, துபாய், அமெரிக்கா. நீங்கள்தான் அந்தப் பிள்ளைகள். உங்களைக் குறை சொல்லவில்லை, நன்றாகப் படியுங்கள், வெளியே போங்கள் என்று சொன்னதே நாங்கள்தானே. ஆனால் இங்கே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். எண்பது வயதை நெருங்குகிறார். பேங்கில் பணம் இருக்கிறது, மாசாமாசம் பிள்ளைகளும் அனுப்புகிறார்கள். சமையலறை டியூப் லைட் போய்விட்டது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார். "சின்ன வேலை ஐயா, அந்தப் பக்கம் வரும்போது வருகிறேன்" என்றார் அவர். நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் தாமே ஸ்டூலைப் போட்டு ஏறினார். இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சபையார் வீடு ஆறு இருக்கிறது. அந்த ஆறு வீட்டிலும் பல்பு மாற்றத் தெரிந்த பையன்கள் உண்டு. யாரும் கெட்டவர்கள் இல்லை. "ஏன் ஐயா எங்களைக் கூப்பிடவில்லை?" என்று எல்லாரும் அழாத குறையாகக் கேட்டார்கள். அவர் சொன்ன பதில்: "இதுக்குப் போய் எப்படிக் கூப்பிடறது?"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் நம் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. பெரிய கஷ்டத்துக்குக் கூப்பிடலாம், வருவார்கள். சின்ன வேலைக்குக் கூப்பிட வாய் வராது.

பெரிய கஷ்டத்துக்கு நாம் எப்படி வருவோம் என்பதை இந்த மாவட்டம் பல தடவை காட்டியிருக்கிறது. 2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் மீனவக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டதை இந்தப் பக்கத்தில் இன்னமும் சொல்வார்கள். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது யார் வீட்டு ஓட்டை யார் மாற்றினார்கள், யார் வீட்டு மரத்தை யார் வெட்டி அப்புறப்படுத்தினார்கள் என்று யாராவது கணக்கு வைத்தோமா? 2015 நவம்பரில் விசூரும் பெரியகாட்டுப்பாளையமும் வெள்ளத்தில் சிதைந்தபோதும் சர்ச், கோயில், பள்ளிவாசல் என்று எல்லா இடத்திலிருந்தும் சோற்றுப் பொட்டலம் போனது.

ஆக, நமக்கு மனசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புயலுக்கு எழுந்து நிற்கத் தெரிந்த நமக்கு, சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு எழுந்து நிற்க ஒரு ஏற்பாடு இல்லை. இதுதான் குறை. ஏற்பாடு இல்லாத அன்பு, அட்டவணை இல்லாத பள்ளிக்கூடம் மாதிரி. எல்லா ஆசிரியரும் நல்லவர்களாக இருப்பார்கள், பாடம் மட்டும் நடக்காது.

வேதத்தில் இதற்கு எனக்குப் பிடித்த அதிகாரம் நெகேமியா மூன்று. வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்று எல்லாரும் தாண்டிப் போகிற அதிகாரம் அது. எருசலேமின் இடிந்த மதிலை யார் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற வேலைப் பட்டியல். தட்டான் கட்டுகிறார், தைலம் செய்கிறவர் கட்டுகிறார். ஆசாரியர்கள் கட்டுகிறார்கள். சல்லூம் என்பவர் தம் மகள்களோடு வந்து கட்டுகிறார். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டுகிறார்கள். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் வேலைக்கு வரவில்லை என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை நூற்றாண்டு ஆகியும் அந்த ஆப்சென்ட் மார்க் அழியவில்லை பாருங்கள்!

அதேபோல அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். ஆதிச் சபையில் வந்த சண்டை உபதேசத்தைப் பற்றியது இல்லை, சாப்பாட்டுப் பந்தியைப் பற்றியது. கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. "ஜெபியுங்கள், சரியாகிவிடும்" என்று அப்போஸ்தலர்கள் அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படைத்தார்கள். முதல் இரத்தசாட்சி ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். பந்தி விசாரணை சின்ன வேலை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதைச் செய்து காட்டியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நம் நாட்டிலேயே மிசோரமைப் பாருங்கள். 1935இல் தொடங்கிய அவர்களுடைய இளைஞர் சங்கம் இன்றும் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் குழி வெட்ட ஆள் தேட வேண்டியதில்லை. தெருப் பையன்கள் குழி வெட்டுகிறார்கள், ராத்திரியில் அந்த வீட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழை வீடு, பணக்கார வீடு என்ற வித்தியாசம் கிடையாது. அதே மிசோ சபைப் பெண்கள் 1910இலிருந்து ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைக்கிறார்கள். பிடியரிசி நமக்கும் தெரிந்த வழக்கம்தான், நாம்தான் விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம் ஆமிஷ் என்ற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே இருக்கும் என் மாணவர்கள் அவர்களுடைய குதிரை வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒருவருடைய தானியக் களஞ்சியம் தீப்பிடித்து எரிந்துவிட்டால், பத்துப் பதினைந்து மைல் சுற்றிலும் இருப்பவர்கள் கூடி மரச் சட்டத்தை ஒரே நாளில் நிமிர்த்திவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்ஷூரன்ஸ் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் அவர்களுக்கு இன்ஷூரன்ஸ்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கத்தோலிக்கச் சகோதரர்கள் பங்கைச் சின்னச் சின்ன அன்பியங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தெருவாரியாக இருபது முப்பது குடும்பம் ஒரு அன்பியம். வீட்டுக்கு வீடு மாறிக் கூடுகிறார்கள். சரியாக நடக்கிற அன்பியத்தில், யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது சாமியாருக்குத் தெரியும் முன் தெருவுக்குத் தெரிந்துவிடும். வெறும் ஜெபமாலையோடு கலைகிற அன்பியங்களும் உண்டு என்று அவர்களே சொல்வார்கள். அமைப்பு மட்டும் போதாது, ஆனால் அமைப்பு இல்லாமலும் முடியாது. இன்னும் பக்கத்தில் பார்த்தால் வடலூர். 1867இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. யாரோ தினமும் விறகு வைப்பதால்தான் அது எரிகிறது. அந்த ஊர்க்காரர்கள் பக்கத்தில் வசித்துக்கொண்டு, தொடர்ந்து செய்வது எப்படி என்று தெரியவில்லை என்று நாம் சொல்ல முடியுமா?

சரி டீச்சர், செய்யலாம், ஆனால் என்று இழுப்பீர்கள். அந்த "ஆனால்"களையும் பார்த்துவிடுவோம். இதில் சிலது உண்மையிலேயே கடினம்.

முதலாவது, அரசாங்கம் இருக்கிறதே என்பது. இருக்கிறது, நன்றியோடு சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. எத்தனையோ வயதானவர்கள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் மாத்திரை போடத் தண்ணீர் வேண்டும், அந்தக் குடத்தை நிரப்ப ஆள் வேண்டும். அரசாங்கம் வாசல் வரை வரும். வாசலுக்கு உள்ளே நாம்தான்.

இரண்டாவது, ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பது. முடிந்தவர்கள் வையுங்கள், நல்ல சம்பளம் கொடுங்கள். ஆனால் பாதி வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஒரு பல்பு, ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, ஜிப்மருக்கோ சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கோ கூடப் போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்பது, பென்ஷன் நேர்காணலுக்குக் கைபிடித்து அழைத்துப் போவது. இதற்கெல்லாம் எந்தக் கடையில் ஆள் கிடைக்கும்?

மூன்றாவது கஷ்டம், நாம் வாய்விட்டுப் பேசாதது. சாதி. சபைக்குள் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். ஆனால் யார் வீட்டு அடுப்பங்கரை வரை யார் போகலாம் என்பதில் இன்னும் எழுதப்படாத கோடு இருக்கிறது. சபைச் சுத்தம் என்றால் சில தெருப் பிள்ளைகளையே கூப்பிடுவது, பந்தி பரிமாற வேறு தெருவைக் கூப்பிடுவது, இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதனால்தான் வேலைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்கிறேன். கழிவறை கழுவும் வேலை கமிட்டி உறுப்பினர் பெயருக்கும் வர வேண்டும், சமையல் எல்லார் பெயருக்கும் வர வேண்டும். ஒருவர் வீட்டில் ஒருவர் சமைத்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டால், பத்துப் பிரசங்கம் செய்யாததை அந்த ஒரு சாப்பாடு செய்யும். அதற்குச் சம்மதமில்லாத வீட்டுக்கு ஒன்று சொல்வேன்: உங்களுக்கு உதவி வேண்டியதில்லை போலிருக்கிறது, வேறு வீட்டுக்குப் போகிறோம்.

நான்காவது, பெண்கள். உதவி என்ற பேச்சு வந்ததும் ஆண்கள் கமிட்டி போடுவார்கள், பெண்கள் பாத்திரம் கழுவுவார்கள். தன் வீட்டு வேலையையும் முடித்து, அடுத்த வீட்டு வேலையையும் முடித்து, மாதர் சங்கக் கூட்டத்துக்கும் ஓடுகிறாள் அவள். இந்த ஏற்பாடு அவள் தலையில் இன்னொரு மூட்டையாக ஏறினால் வேண்டவே வேண்டாம். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் என்று வைத்து, மாதம் விட்டு மாதம் அந்த ஒருவர் ஆணாக இருக்க வேண்டும். பையன்களுக்கு ரசம் வைக்கவும் ஒட்டடை அடிக்கவும் தெரியட்டும். வெளிநாட்டில் தனியாக இருக்கும் என் மாணவர்கள் அதைக் கற்றுக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறார்கள்!

ஐந்தாவது, கூலி வேலை செய்யும் சகோதரர்கள். இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். சபையில் ஒரு கொத்தனார் இருந்தால் எல்லார் வீட்டுச் சின்ன வேலைக்கும் "நம்ம ஆளுதானே" என்று அவரைக் கூப்பிடுகிறார்கள். எலக்ட்ரீஷியனுக்கும் பெயிண்டருக்கும் இதே கதிதான். அவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சோறு போகிறது. மாதச் சம்பளக்காரரின் சனிக்கிழமையும் கூலிக்காரரின் சனிக்கிழமையும் ஒன்றில்லை. அதனால் கைத்தொழில் வேலைக்கு அவரைக் கூப்பிட்டால் முழுக் கூலி கொடுக்க வேண்டும், பேரம் பேசக் கூடாது. மற்றவர்கள் அவருக்குச் சித்தாளாக நின்று கலவை எடுத்துக் கொடுக்கட்டும். பேங்க் மேனேஜர் சாந்துச் சட்டி தூக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. வயரிங், மின்கம்பம், உயரமான மரம் இதிலெல்லாம் தெரியாதவர்கள் கை வைக்கவும் கூடாது. உதவி செய்யப் போய் ஒரு உயிர் போனால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆறாவது, வாய். ஒருவர் வீட்டுக்குள் போனால் அங்கே இருப்பது, இல்லாதது எல்லாம் கண்ணில் படும். அரிசிப் பானை காலி என்பதும் தெரியும், மருமகள் பேசுவதில்லை என்பதும் தெரியும். அதை வெளியே கொண்டுவந்தால் அடுத்த தடவை அந்தக் கதவு திறக்காது, அந்தத் தெருவில் வேறு எந்தக் கதவும் திறக்காது. துடைப்பத்தோடு போகிறவர் பூட்டிய வாயோடு திரும்பி வர வேண்டும்.

ஏழாவது, மொய் நோட்டு. "போன மாசம் அவங்க வீட்டுக்கு நாம போனோம், அவங்க வரலையே" என்ற கணக்கு ஆரம்பித்த அன்றே இது செத்துவிடும். மொய்யில் அந்தக் கணக்கு சரி. இதில் கூடாது. படுத்த படுக்கையாக இருப்பவர் எப்படித் திரும்பச் செய்வார்? ஆனால் ஒன்று, வாங்குகிறவரை வாங்குகிறவராகவே உட்கார வைப்பதும் தப்பு. இடுப்பு உடைந்த அந்தப் பெரியவர் இப்போது சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறார். பிள்ளைகள் கடைக்குப் போய் அவருக்குச் சாமான் வாங்கி வருகிறார்கள். அவர் முகத்தில் வந்திருக்கும் தெளிவு எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. எல்லாருக்கும் கொடுக்க ஏதோ ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

எட்டாவது, காம்பவுண்டு சுவர். நம் சபைக்காரர்களுக்கு மட்டும் செய்வோம் என்றால் அது ஒரு கிளப். தெருவில் அடுத்த வீடு மாரியம்மாள் வீடாக இருந்தாலும், பாத்திமா வீடாக இருந்தாலும், அங்கே யாராவது படுத்திருந்தால் அந்தப் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும். போகும்போது கைப்பிரதி எடுத்துப் போகக் கூடாது. பாத்திரம் தேய்த்துவிட்டு, "எங்கள் கூட்டத்துக்கு வாங்க" என்று சொன்னால், தேய்த்ததற்கு விலை கேட்டதாகத்தான் அர்த்தம். தானேயின்போது நம் வீட்டு மரத்தை வெட்டியவர்கள் நம்மை எந்தக் கோயிலுக்கும் கூப்பிடவில்லை.

இப்போது கணக்கு. நாற்பது குடும்பத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 20 பேர். மாதம் ஒரு சனிக்கிழமை 3 மணி நேரம். 20 × 3 = 60 மணி நேரம். வருஷத்துக்கு 720 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு ஆள்நாள் என்றால் 90 ஆள்நாள். ஒரு சின்னச் சபை, பாதிப் பேர் வராமலே, வருஷத்துக்கு மூன்று மாத வேலையைச் செய்துவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் பத்து வயதானவர்கள் வீட்டு மொட்டை மாடியில் இலைதழை கூட்டி, மழைநீர்க் குழாய் அடைப்பெடுத்து, தண்ணீர்த் தொட்டி கழுவிவிடலாம். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பதினைந்து நாள் சாப்பாடு கொடுக்கலாம். இந்தக் கணக்கில் எங்கேயும் நன்கொடை ரசீது இல்லை என்பதைக் கவனியுங்கள்.

செய்முறையும் பெரிய விஷயம் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்தில் "என்ன வேண்டும்", எதிர்ப் பக்கத்தில் "யார் போகிறார்கள்". பொறுப்பு இருவருக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். போதகர் அதில் வேண்டாம், அவருக்கு வேறு வேலை இருக்கிறது. அவர் வீட்டு வேலைக்கும் மற்ற வீடுகளைப் போலவே முறை வரட்டும், அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். யார் வீட்டுக்கும் தனியாக ஒருவர் போகக் கூடாது, எப்போதும் இருவர். முக்கியமாக, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்ற வார்த்தையைத் தடை செய்ய வேண்டும். அப்படிக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வர்றோம், தொட்டி கழுவணுமா, ஃபேன் துடைக்கணுமா?" என்று கேளுங்கள். அப்போது, "ஃபேன்தான்மா ரொம்ப நாளா..." என்று பதில் வரும்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஜிபேயில் பணம் அனுப்புவது தப்பில்லை. ஆனால் உங்கள் அப்பா அம்மாவுக்கு வேண்டியது பாதி நேரம் பணம் இல்லை. ஊரில் உங்கள் வகுப்பில் படித்தவர்கள் இன்னும் இங்கேயே கடை வைத்திருக்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள், வயல் பார்க்கிறார்கள். பரீட்சையில் உங்களைவிடக் குறைந்த மார்க் வாங்கியவர்கள் என்பதற்காக அவர்களோடு பேச்சை விட்டுவிட்டீர்கள். அவர்களுக்குப் போன் போடுங்கள். உங்கள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது அவர்கள்தான். நீங்கள் இருக்கும் ஊரிலும் யாரோ ஒருவரின் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு பல்பை நீங்கள் மாற்றுங்கள். உங்கள் வீட்டு பல்பை இங்கே யாராவது மாற்றுவார்கள்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் தெருவில், உங்கள் அபார்ட்மென்ட்டில், உங்கள் சபையிலோ கோயில் தெருவிலோ மஹல்லாவிலோ, ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். வரும் சனிக்கிழமை ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டு வாருங்கள். போட்டோ எடுக்க வேண்டாம். என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் ஒரு வரி இங்கே கீழே எழுதுங்கள், யார் வீடு என்று எழுத வேண்டாம். திங்கட்கிழமை நோட்டுத் திருத்துவேன். பேர் கூப்பிடும்போது எழுந்து நிற்காதவர்கள் யார் என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
சேத்தியாத்தோப்பு